கையிலிருந்து வாங்கிய அரம்

ஜனவரி 12

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் நேற்று மாலை ஓட்டல் வரவேற்பறையில் எனக்காகக் காத்திருந்தது. லிஃப்டில் நின்றபடியே பிரித்தேன். படித்த வேகத்தில் என் தளத்தைத் தாண்டி மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போனேன். கூட நின்ற பெரியவர் ஒருவர் உடம்பு சரியில்லையா என்று இவர்கள் மொழியில் விசாரித்தார். எனக்கு அப்படித் தூக்கி வாரிப் போட்டது.

நம் பூட்டுக் கம்பெனிக்கு வெளிநாட்டில் ஒரு தொழிற்சாலை போட இடம் பார்த்து வா என்று என்னை இங்கே அனுப்பியது நீங்கள்தான். நாலு மாதமாகக் குளிரில் கால்விரல் மரத்துப்போக அலைந்து, எல்லாம் பேசி முடித்து, கையெழுத்துக்காகக் காத்திருக்கும்போது, "அங்கே வேண்டாம், பக்கத்து தேசத்தில் போடப் போகிறேன்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அதற்குக் காரணமும் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து தேசத்தில் நமக்கு வாடகைக்கு ஷெட் தருவதாகச் சொன்ன முதலாளி நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தாராம், யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் கழற்றினாராம், உங்களை அக்கா என்று கூப்பிட்டாராம், இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினாராம். அத்தை, ஒரு தொழிற்சாலை போட இவ்வளவு போதுமா?

இவர்கள் சிரிக்க மாட்டார்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். முதல் கூட்டத்திலேயே நம் பூட்டை மேசையில் வைத்து, "இந்தச் சாவி கையுறை போட்ட கைக்கு ரொம்பச் சின்னது, எங்க ஜனங்க வாங்க மாட்டாங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் எவ்வளவு பெரிதாக்கினால் வாங்குவார்கள் என்பதையும் அதே மூச்சில் சொன்னார்கள். இங்கே எனக்கு ஒன்றுமே தெரியாது. அதனால் எல்லாவற்றையும் வெட்கப்படாமல் கேட்டேன். எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள், தப்பாகச் செய்த ஆளிடம் அதை எப்படிச் சொல்வீர்கள், முதலாளி பக்கத்தில் வந்தால் எழுந்து நிற்க வேண்டுமா என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டேன். சலிக்காமல் சொன்னார்கள்.

போனில் பேசினால் பேச்சு காற்றோடு போய்விடும், எதுவானாலும் எழுது என்பது நம் கம்பெனியில் நீங்கள் போட்ட சட்டம். அதனால் எழுதிக் கேட்கிறேன். இன்னொரு தடவை யோசியுங்கள்.

உங்கள் மருமகள்

*

ஜனவரி 24

என் மருமகளுக்கு அத்தையின் ஆசிகள்.

உன் கோபம் உறையைப் பிரிக்கும்போதே சுட்டது. நல்லதுதான், கோபம் இருக்கிறவள்தான் வேலை செய்வாள். முதலில் குளிருக்கு நல்ல கம்பளி வாங்கிக்கொள். கம்பெனிக் கணக்கில் எழுது. கணக்கர் முகம் சுளித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். உன் தூர தேசம் பச்சைகூட இல்லை, போட்டோவில் பார்த்தால் ஒரே வெள்ளையாக இருக்கிறது. அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்? தொழில் என்றால் நாளைக்கே ஒரு சண்டை வரும். அந்த ஆட்களோடு எப்படிச் சண்டை போடுவது, எப்படிச் சமாதானம் ஆவது என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. பக்கத்து தேசத்துக்காரன் முகத்தைப் பார்த்தாலே அவன் மனசில் ஓடுவது எனக்குத் தெரிகிறது. நிறம் நம் நிறம், பேச்சில் அந்த இழுவை நம் இழுவை. அவன் அம்மாவுக்கு மூட்டுவலி, எனக்கும் மூட்டுவலி. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

கணக்கரும் உன் கட்சிதான். "எட்ட இருந்தா கிட்ட உறவு, கிட்ட இருந்தா முட்டப் பகைன்னு சொல்வாங்க பெரியம்மா" என்று முனகினார். "அப்ப நீங்க கொஞ்சம் எட்டவே நின்னு பேசுங்க" என்றேன். கணக்குப் புத்தகத்தோடு எட்டப் போய் உட்கார்ந்துகொண்டார்.

உன் புருஷனையும் கேட்டேன். வழக்கம்போல "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்கம்மா" என்று நழுவிவிட்டான். ஆகவே நான் முடிவு பண்ணிவிட்டேன். நீ அங்கிருந்து நேராகப் பக்கத்து தேசத்துக்குப் போய்த் தொழிற்சாலையை எழுப்பிக் கொடு. உன்னை விட்டால் இதைச் செய்ய எனக்கு யார் இருக்கிறார்கள், சொல்.

அன்புடன்,
அத்தை

*

மார்ச் 30

அன்புள்ள அத்தைக்கு,

தோற்றுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். இங்கே வந்து இறங்கியதும் அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு பழகிய இடம் மாதிரி இருந்தது. தெருவில் சத்தமாகப் பேசுகிறார்கள். பஸ்ஸில் இடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். வழி கேட்டால் வேலையைப் போட்டுவிட்டுக் கூடவே நடந்து வந்து காட்டுகிறார்கள். பல மாதமாக அடைத்துக் கிடந்த காது திறந்தது போல இருக்கிறது.

ஷெட் முதலாளிக்குச் சிரிப்பு மாமா என்று பெயர் வைத்திருக்கிறேன். கூரை ஒழுகுமா என்று கேட்டாலும் சிரிப்பு, வாடகை ஏறுமா என்று கேட்டாலும் சிரிப்பு. வேலையாட்களின் விதிமுறைகளை எழுதி வைத்துக்கொள்ளலாமே என்றேன். "நமக்குள்ள எதுக்கு எழுத்தெல்லாம்? நீங்க எப்படியோ நாங்களும் அப்படித்தான்" என்று அதற்கும் சிரித்தார். இதை எனக்கு நம் மொழியில் சொன்னவர் மேஸ்திரி. இந்த ஊர்க்காரர்தான், வாலிபத்தில் நம் ஊரில் வேலை பார்த்தவர்.

அறுபது பேரை எடுத்தாயிற்று. சாவி ராவும் மேசையில் ஒரு பெண் இருக்கிறாள். அரத்தை இரண்டு தள்ளுத் தள்ளினால் போதும், சாவி பூட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். மற்றவர்கள் சந்தேகம் வந்தால் என்னிடம் வருவதில்லை, அவளிடம்தான் போகிறார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. தூர தேசத்தில் வாய் ஓயாமல் கேள்வி கேட்டேன். இங்கே வந்த பிறகு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. கேட்டால் அவர்களை அந்நியமாக நினைப்பது போல ஆகிவிடுமோ என்று கூச்சமாக இருக்கிறது. இது நல்லதா கெட்டதா என்று திறப்பு விழாவுக்கு வரும்போது சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்

*

மே 9

மகளே,

வீடு வந்து சேர்ந்தேன். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது, மனசு நிறைந்து கிடக்கிறது. ஷெட்டின் தரையில் ஒரு எண்ணெய்ச் சொட்டு இல்லை. என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேர் சிரித்த முகமாக வந்து நிற்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தச் சாவி மேசைப் பெண்ணைத்தான். நான் பக்கத்தில் வந்து நின்ற பதற்றத்தில் பாவம் அவளுக்குக் கை தவறிவிட்டது. சாவியில் ஒரு பல் சாய்ந்துவிட்டது. என் கை சும்மா இருக்குமா? அரத்தை அவள் கையிலிருந்து வாங்கி, சிரித்துக்கொண்டே நானே ராவி முடித்து, பூட்டில் போட்டுத் திறந்து காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். இங்கே நம் பட்டறையில் நான் யார் கையிலிருந்து அரத்தை வாங்குகிறேனோ அவளுக்கு அன்றைக்கு ராஜ மரியாதை, உனக்குத் தெரியாததா? "பெரியம்மா என் அரத்தைப் புடிச்சாங்க" என்று ஒரு வாரம் சொல்லித் திரிவார்கள். அந்தப் பெண்ணுக்கும் கண் கலங்கிவிட்டது. தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கேள்வி கேட்கத் தோன்றவில்லை என்று எழுதியிருந்தாயே, அதற்குப் பெயர்தான் நெருக்கம். சொந்தக்காரர்களை யாராவது பேட்டி எடுப்பார்களா? பதினோரு வருஷமாக உன்னை நான் எதுவும் கேட்டதில்லை. எனக்கு நீ மகள் மாதிரி. மகளிடம் என்ன கேள்வி?

இனி நிம்மதியாகத் தூங்குவேன்.

அன்புடன்,
அத்தை

*

மே 14

அன்புள்ள அத்தைக்கு,

இதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள். உங்கள் மகனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷெட்டில் ஆள் இல்லை. அறுபது பேரில் ஒருவர்கூட இல்லை. காலையில் வழக்கம்போலக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, மேசைகள் காலி. ஒவ்வொரு மேசையிலும் அவரவர் கருவியைத் துடைத்து வைத்திருந்தார்கள். விடுமுறை நாளை மறந்து வந்துவிட்டேனோ என்று நாள்காட்டியைப் போய்ப் பார்த்தேன். அப்புறம் நடுக்கூடத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மேஸ்திரி வந்தார். அவரும் உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"இங்கல்லாம் ஒருத்தர் கையில இருக்கற கருவியை மேல இருக்கறவங்க வாங்கிட்டா வேலை போச்சுன்னு அர்த்தம்மா. தப்புப் பண்ணினா மேல இருக்கறவங்க பொருளை மேசை மேல வச்சிட்டுப் போயிடுவாங்க, செஞ்சவங்களே திருத்திக்குவாங்க. பெரியம்மா கையில இருந்தே வாங்கிட்டாங்க. அதுவும் சிரிச்சிக்கிட்டே, போட்டோ எடுக்கறவங்க முன்னாடி. அந்தப் பொண்ணு மறுநாளே வரல. அவ்வளவு நல்ல வேலைக்காரியைக் காரணமே சொல்லாம சிரிச்சிக்கிட்டே அனுப்பினா, நாளைக்கு எங்களுக்கும் அதானேன்னு மத்தவங்களும் கிளம்பிட்டாங்க."

அவள் வரவில்லை என்று எனக்குத் தெரியும், அத்தை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். யாரையும் விசாரிக்கவில்லை.

"நீங்க அன்னிக்குப் பக்கத்துலதானே நின்னீங்க, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று மேஸ்திரியிடம் கத்திவிட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்க கேக்கலையேம்மா. எல்லாம் நம்ம ஊர் மாதிரிதான்னு நீங்கதானே சொல்லிக்கிட்டிருந்தீங்க" என்றார்.

விழாப் படங்களை எடுத்துப் பார்த்தேன். கைதட்டுவது சிரிப்பு மாமாவும் விருந்தாளிகளும் நானும் மட்டும்தான். வேலையாட்கள் எல்லோரும் கையைத் தொங்கவிட்டு நிற்கிறார்கள். நான் அவர்களுக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றிருக்கிறேன், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. அந்தப் படத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

என்ன செய்யட்டும்? உடனே எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

*

மே 24

மருமகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று பேரை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று சந்தேகம். தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருக்கிறது. நான் என்ன கொலையா செய்தேன்? அரத்தை வாங்கினேன். ஆசையாக வாங்கினேன். என் கை பட்டதற்கு அறுபது பேர் எழுந்து போவார்களா? நம் ஆட்கள் என்று நம்பினேனே, நம் ஆட்களா இப்படிச் செய்வார்கள்?

மனசில் இருப்பதை எழுதிவிடுகிறேன், மறைத்துப் பழக்கம் இல்லை. நேற்று கணக்கர், "சின்னம்மாவுக்கு ஆரம்பத்துலயே அந்த ஊர் பிடிக்கல, தூர தேசம்தானே வேணும்னாங்க" என்று இழுத்தார். நான் அவரை அதட்டினேன். அதட்டிவிட்டு அறைக்கு வந்து உட்கார்ந்தபோது எனக்கும் அதே நினைப்பு வந்தது. நீ அங்கே மூன்று மாதம் இருந்திருக்கிறாய். உன் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? நான் அரத்தை நோக்கிக் கையை நீட்டும்போது, என் வயிற்றில் பிறந்தவளாக இருந்தால் ஓடிவந்து கையைப் பிடித்திருப்பாள் இல்லையா?

போகட்டும். ஷெட்டை மூடு. சிரித்த மூஞ்சிக்காரனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த மாத முடிவுக்குள் வந்துவிடு. உன் பழைய அறை, உன் பழைய மேசை எல்லாம் அப்படியே இருக்கிறது. அந்தப் பெண் வீட்டுப் படியை மட்டும் மிதிக்காதே. நம் மானம் போன வரைக்கும் போதும்.

அத்தை

*

ஜூன் 3

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரியைப் படித்ததும் காகிதம் கையிலிருந்து நழுவிவிட்டது. காலியான ஷெட்டைப் பார்த்தபோதுகூட எனக்கு இப்படி ஆகவில்லை. தெரிந்தே உங்கள் கையை நீட்டவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். பதினோரு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் என்னைப் பற்றி உங்களுக்கு அப்படி நினைக்க முடிகிறது. அழுதேன். அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு உங்கள் கடிதம் வருமுன்பே போய்விட்டேன். ஒரு தையல்கடைக்கு மேலே மூன்றாம் மாடி. மேஸ்திரியும் வந்தார். அவள் ஒரு குடையின் கம்பியைச் சரி செய்துகொண்டிருந்தாள். எங்களுக்கு நாற்காலி போட்டாள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள், மறுபடி குடையை எடுத்துக்கொண்டாள். அப்புறம் தலை நிமிராமல் சொன்னாள்.

"நீங்க வெளியூர்க்காரங்க. வெளியூர்க்காரங்க முதல்ல கேட்டுட்டுத்தான் எதையும் செய்வாங்கன்னு நெனச்சோம். உங்க பெரியம்மா அன்னிக்கு வந்ததுல இருந்து நாம எல்லாம் ஒண்ணு, நாம எல்லாம் ஒண்ணுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நாங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். எங்களுக்கு நீங்க ரொம்பத் தூரம். நீங்க முதல்ல போனீங்களாமே, அந்தக் குளிர் தேசத்துக்காரங்க இங்க கம்பெனி வச்சிருந்தாங்க. அவங்ககூட எங்களுக்கு இவ்வளவு தூரம் இல்ல."

இதை நம் மொழியில் எனக்குச் சொல்ல மேஸ்திரி தயங்கினார். அப்படியே சொல்லுங்கள் என்று அவள்தான் அவரை வற்புறுத்தினாள். எனக்குப் பேயறைந்தது போல் ஆகிவிட்டது. நாம் இவர்களைப் பக்கம் என்று அளந்தோமே, அத்தை, இவர்கள் நம்மை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தடவையாவது யோசித்தோமா?

அவள் பணம் கேட்கவில்லை. யார் வாங்கினார்களோ அவர்களே வந்து, எல்லோர் முன்னாலும் அரத்தைத் திரும்ப அவள் கையில் கொடுக்க வேண்டும் என்றாள். கொடுத்தால் அன்றைக்கே எல்லோரும் வேலைக்கு வருவார்கள். நான் கொடுக்கிறேன் என்றேன். செல்லாது என்றாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது உங்கள் ஞாபகம்தான். மகள் மாதிரி என்று எப்போதும் சொல்கிறீர்கள், எழுதுகிறீர்கள். நானும் இதுவரை மறுத்ததில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு நாளும் உங்களை அம்மாவாக நினைத்ததில்லை. எனக்கு அம்மா இருக்கிறாள். நீங்கள் எனக்கு அத்தை. உங்களிடம் எனக்கு மரியாதை உண்டு, பயம் உண்டு, உங்கள் கைவேலையைப் பார்த்து இன்றும் வியப்பு உண்டு. பாசமும் உண்டு, ஆனால் அது நீங்கள் நினைக்கிற பாசம் இல்லை. மகள் என்று சொல்லிவிட்டதால் என்னைக் கேட்காமலே அனுப்பினீர்கள், கேட்காமலே இடத்தை மாற்றினீர்கள், கேட்காமலே திரும்பி வா என்கிறீர்கள். ஒரு சந்தேகம் வந்தவுடன் வயிற்றில் பிறந்தவளாக இருந்தால் என்கிறீர்கள். மருமகள் என்றே வைத்திருந்தால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருப்பீர்கள்.

தூர தேசத்துக் கம்பெனிக்காரர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். நம் கம்பெனி வராவிட்டால் பரவாயில்லை, நீங்கள் மட்டும் எங்களிடம் வேலைக்கு வர விருப்பமா என்று. கையுறைக்கு ஏற்ற சாவியை நான்தான் வரைந்து கொடுத்தேன், அது அவர்களுக்குப் பிடித்துவிட்டது. உங்களுக்குத் தெரியாமல் பதில் எழுத மாட்டேன். ஆனால் ஷெட்டை நான் மூட மாட்டேன். தினமும் காலையில் திறந்து உட்கார்ந்திருக்கிறேன். மாத முடிவுக்குள்ளும் வர மாட்டேன்.

உங்கள் மருமகள்

*

ஜூன் 15

மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது. உன்னைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன், கிழித்தேன். நன்றி கெட்டவள் என்று எழுதினேன், அதையும் கிழித்தேன். என் வயசுக்கு யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. அம்மாவாக நினைத்ததில்லை என்று நீ எழுதிய வரி இன்னும் நெஞ்சில் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அது இறங்க நாளாகும். நீ தெரிந்தே செய்தாய் என்று நான் எழுதியது தப்பு. மன்னித்துக்கொள்.

மறுநாள் உன் புருஷனைக் கூப்பிட்டேன். அவனுக்காவது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். "ஏண்டா, அவளுக்கு இந்த வீடு பிடிச்சிருக்கா? இந்த வேலை பிடிச்சிருக்கா? வெளிநாட்டுல இருக்கப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். "நான் கேட்டதில்லையேம்மா" என்றான். நான்தான் கேட்கவில்லை என்றால், கட்டினவனும் கேட்கவில்லையா? நான் வளர்த்த லட்சணம்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். அடுத்த வாரம் வருகிறேன். வருவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் கேட்டு எனக்கு எழுது. அரத்தை எந்தக் கையால் கொடுக்க வேண்டும், பிடியை அவள் பக்கம் வைக்க வேண்டுமா, நான் நிற்க வேண்டுமா உட்கார வேண்டுமா, ஏதாவது பேச வேண்டுமா அல்லது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா. மேஸ்திரியை விட்டு ஒன்றுக்கு இரண்டு தடவை விசாரித்துவிடு. நான் கொடுக்கும்போது அவள் வாங்காமல் போனால் என்ன செய்வது என்பதையும் கேள்.

உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். கேட்டுப் பழக்கம் இல்லை, தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள். தூர தேசத்துக்காரர்கள் கூப்பிடுகிறார்களே, உனக்குப் போக ஆசையா? ஆசை என்றால் ஆசை என்று எழுது. நான் தடுக்க மாட்டேன், உன் புருஷனையும் தடுக்க விட மாட்டேன். என்ன எழுதினாலும் டிக்கெட்டை ரத்து செய்ய மாட்டேன்.

பதிலை நீயே எழுது. எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும் பதில் எதுவும் இனி எனக்கு வேண்டாம்.

அத்தை